முப்பது கிலோ தர்மம்

என் அக்காள் பிள்ளை சென்ற பொங்கலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். காப்பிக்குக்கூட உட்காரவில்லை. "மாமா, ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், காரின் டிக்கியைத் திறந்து காட்டினான்.

டிக்கி காலியாக இருந்தது. சாதாரணக் காலி அல்ல. பெருக்கித் துடைத்து, கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி வைக்கலாம் போன்ற காலி.

"என்னப்பா இது, திருடன் புகுந்த வீடு மாதிரி?" என்றேன்.

"திருடன் இல்லே மாமா, நான்தான். முப்பது கிலோ குறைச்சாச்சு. ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, பம்ப்பு, தண்ணிக் கேன், அப்பா போட்டு வச்ச அரிவாள், எல்லாம் வீட்டுப் பரண் மேலே. பெட்ரோல் விக்கிற விலையிலே சும்மா கிடக்கிற இரும்பை எதுக்கு ஊர் ஊரா சுமக்கணும்?"

சொல்லிவிட்டு, முதல் வகுப்பில் தேறிய பையன் மாதிரி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை. அன்று ஆரம்பித்த வழக்கு, அவன் ஊர் திரும்பும் வரையில் மூன்று நாள் நடந்தது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவன் கட்சி. "வண்டி சுத்தமா இருக்கு" என்பது அவர்களுடைய தீர்ப்பு. தோற்றவன் அப்பீல் செய்யப் பத்திரிகையை விட்டால் எனக்கு வேறு கோர்ட் ஏது? ஆகவே வாசகர்களிடம் வந்திருக்கிறேன்.

எதிர்க்கட்சிக்குச் சேரவேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். கனம் பெட்ரோலைக் குடிக்கும். அதில் சந்தேகம் இல்லை. நின்ற வண்டியை நகர்த்தவும், நகர்ந்த வண்டிக்கு வேகம் ஏற்றவும், மேட்டில் ஏற்றவும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி கொடுத்தாகவேண்டும். பிரேக்கை மிதித்தால் கொடுத்த கூலி அத்தனையும் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது; மறுபடி முதலிலிருந்து கொடுக்கவேண்டும். பட்டணத்துச் சிக்னல்களில் நின்று நின்று போகிறவனுக்கு இந்த வயிற்றெரிச்சல் நன்றாகவே தெரியும்.

என் பெரியப்பா வைத்திருந்த அம்பாஸடர் காரின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். கல்யாண வீட்டு அண்டா மாதிரி கனத்த தகடு. 1983-இல் வந்த மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோதான். அந்தச் சின்ன வண்டி வந்த பிறகுதான், காருக்குத் தீனி போடுவது ஜமீன்தார்களால் மட்டுமே முடிகிற காரியம் அல்ல என்று மத்தியதர வர்க்கத்துக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் இஞ்சினீயர்கள் சும்மா இருக்கவில்லை. வலுவான மெல்லிய எஃகு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று பார்த்துப் பார்த்துக் கனத்தைக் கழித்திருக்கிறார்கள். சர்க்காரும் விடவில்லை. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமிலவாயுவுக்கு மேல் விடக்கூடாது என்று 2017-இல் ஒரு வரம்பு கட்டி, 2022-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள். புகை குறைகிறது, அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. கனத்தைக் குறைக்கும் சாஸ்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எந்தக் கனத்தைக் குறைப்பது என்று தெரியாமல் குறைப்பவர்களோடுதான் சண்டை.

மருமகன் தமிழும் படித்தவன். இரண்டாம் நாள் காலையில், மயிலிறகைப் பற்றித் திருவள்ளுவர் சொன்னதை எடுத்து என் மேல் வீசினான். மெல்லிய இறகுகூட அளவு மீறினால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்றால், இரும்புச் சாமான் என்ன செய்யாது என்று கேட்டான். பதிலுக்கு நான் அதே புத்தகத்திலிருந்து அச்சாணியை எடுத்துக் காட்டினேன். தேர் எவ்வளவு பெரிதானாலும் சின்ன ஆணி ஒன்று இல்லாமல் உருளாது என்பதும் அவர் சொன்னதுதானே? வள்ளுவர் இரண்டு பக்கத்துக்கும் வக்கீல். ஆகையால் அவரை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். கணக்குக்கு ஒரு பக்கம்தான்.

முப்பது கிலோ எவ்வளவு பெட்ரோலைக் குடிக்கிறது? அமெரிக்க சர்க்காரின் எரிசக்தித் துறை பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கு இது: காரில் நூறு பவுண்டு, அதாவது 45 கிலோ, கூடுதலாக ஏற்றினால் மைலேஜ் சுமார் நூற்றில் ஒரு பங்கு குறையும். வண்டி சின்னதானால் கொஞ்சம் அதிகம் குறையும். நம் வண்டி சின்ன வண்டி. ஆகவே முப்பது கிலோவுக்கே முழுசாக நூற்றில் ஒன்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர். அப்படியானால் வருஷத்துக்குச் சுமார் 667 லிட்டர் பெட்ரோல். நூற்றில் ஒன்று என்றால் ஆறே முக்கால் லிட்டருக்குள். லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டால் 670 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை.

இரண்டு ரூபாய்! கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் நாம் கொடுக்க வெட்கப்படுகிற தொகை.

அதிலும் நமது தஞ்சை ஜில்லா இருக்கிறதே, கனத்துக்கு இவ்வளவு சலுகை காட்டும் பூமி வேறெங்கும் கிடையாது. கனம் தன் முழுக் குணத்தையும் காட்டுவது மேடேறும்போது. நம் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? கல்லணையிலிருந்து கடற்கரை வரையில் காவேரி தாம்பாளம் மாதிரி இழைத்துப் போட்ட தரை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஆற்றுக்கு ஆறு பாலம் ஏறி இறங்குகிறோமே, அதுதான் இங்கே மலை. சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு முக்கியமான சத்துரு கனம் அல்ல. எதிரே நிற்கும் காற்று.

இங்கேதான் மருமகனைப் பிடித்தேன். "சென்னையிலேர்ந்து எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "அஞ்சே மணி நேரம் மாமா! நூறுக்குக் கீழே முள்ளு இறங்கவே இல்லே" என்றான் பெருமையாக.

காற்று தடுக்கும் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-இல் இருந்த தடை 100-இல் ஒன்றரை மடங்குக்கு மேல். பரணில் மாதக்கணக்கில் சேமித்ததை இந்தப் பிள்ளை விழுப்புரம் தாண்டுவதற்குள் செலவழித்துவிட்டான். கார் தலையில் பார்த்தால், போன கோடையில் சாமான் கட்டுவதற்காக மாட்டிய இரும்புக் கேரியர் இன்னும் கழற்றாமல் நிற்கிறது. மேலே பெரிய பெட்டி வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டினால் மைலேஜ் நூற்றுக்கு ஆறிலிருந்து பதினேழு வரை குறையும் என்று அதே அமெரிக்கத் துறை சொல்லுகிறது. காலிக் கேரியர் அவ்வளவு தின்னாது. ஆனால் அதுவும் விரதம் இருக்காது. டயரில் காற்றைப் பார்த்தேன். முப்பது இருக்கவேண்டிய இடத்தில் இருபத்துநாலு. நாலு சக்கரத்திலும் ஒரு பவுண்டு காற்று குறைந்தால் பெட்ரோல் நூற்றுக்குக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக அதிகம் போகும். ஆறு பவுண்டுக்கு ஒன்று புள்ளி இரண்டு. முப்பது கிலோ இரும்பை இறக்கி அவன் சம்பாதித்ததற்கும் அதிகமானதைக் காசில்லாத காற்று ஏமாற்றிவிட்டுப் போயிற்று. ரயில்வே கேட்டில் இஞ்சினை அணைக்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வழக்கத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. விருந்தாளி அல்லவா?

சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு நாம் செய்வதில் பாதி இப்படித்தான். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுவதில்லை. எது வாய் திறந்து கேட்காதோ, அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம். வேகம் ருசியாக இருக்கிறது. கேரியர் அந்தஸ்தாக இருக்கிறது. ஸ்டெப்னி பாவம், இருட்டில் ஊமையாகப் படுத்துக் கிடக்கிறது.

"அதெல்லாம் சரி மாமா. அஞ்சு வருஷமா வண்டி ஓட்டறேன். ஒரு நாளாவது அந்த ஸ்டெப்னியைத் தொட்டிருக்கேனா?" என்றான்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. சொல்வதற்குப் பெருமையான பதில் அல்ல.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மறுநாள் காலையில் நான் தஞ்சாவூரிலிருந்து காரில் புறப்பட்டேன். பேராவூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சின்ன அத்தை இருந்தாள். எண்பத்திரண்டு வயது; தனிக்கட்டை. டெலிபோன் கிடைக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து போன சமயம் அது. கரண்ட் இல்லை, செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. பங்க்குகளில் பெட்ரோல் போட முடியாது, இருக்கிறதை வைத்துக்கொண்டுதான் போய்த் திரும்பவேண்டும் என்று பலர் எச்சரித்தார்கள். நான் புத்திசாலி அல்லவா? பெட்ரோலை மிச்சப்படுத்த ஒரு யோசனை செய்தேன். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கயிற்றையும் எடுத்துத் திண்ணையில் வைத்தேன். அந்த இடத்தில் அரிசியும் மெழுகுவர்த்தியும் பிரெட்டும் ஏற்றிக்கொண்டேன். எண்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம்; என்ன ஆகிவிடப் போகிறது?

ஒரத்தநாட்டைத் தாண்டியதும் ரோடு ரோடாக இல்லை. புளிய மரங்கள் குறுக்கே கிடந்தன. ஊருக்கு ஊர் ஆண்கள் அரிவாளும் கோடாலியும் வடக்கயிறுமாக நின்று, கார் நுழையும் அளவுக்கு வழி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. பட்டுக்கோட்டைக்கு அப்பால் பெரிய ரோட்டை விட்டுக் கிராமத்து ரோட்டில் திரும்பினேன். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் தென்னந்தோப்பு. தோப்பு என்று பழக்கத்தினால் சொல்லுகிறேன். மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன, அறுவடையான கதிரை வரிசையாகப் போட்டது போல. எங்கிருந்தோ பறந்து வந்த கூரைத் தகரம் ஒன்று ரோட்டோரத்தில் பாதி புதைந்து கிடந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. டயரின் பக்கவாட்டைக் கத்தி மாதிரி கிழித்துவிட்டது.

கார் நட்ட நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதில் தண்ணீர் கேன்களும் பால் பாக்கெட்டுகளும் இருந்தன. கூரை போனவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிற வண்டி. என்னைத் தாண்டிப் போக வழி இல்லை, தாண்டினால் வாய்க்கால்.

டிரைவர் இளைஞன். இறங்கி ஓடி வந்து, "ஸ்டெப்னியை எடுங்க சார், அஞ்சு நிமிஷத்துலே மாட்டிடலாம்" என்றான்.

"வீட்டிலே இருக்கு" என்றேன்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தன் வண்டியின் பின்பக்கம் ஏறியிருந்த தண்ணீர் கேன்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தோப்பிலிருந்து ஒருவர் வந்தார். இடுப்பில் கைலி, தலையில் துண்டு. அவருடைய தோப்புத்தான். முந்நூறு மரம் நின்ற இடம். எண்ணிப் பதினொன்று மிச்சம் என்று பிறகு தெரிந்தது. தென்னை வைத்துக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது இந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்லத் தேவை இல்லை. அந்த மனிதர், அந்தக் காலை நேரத்தில், வடத்தை எடுத்துக்கொண்டு இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிட்டு என் காரை இழுத்தார். கிழிந்த சக்கரம் சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. ரோட்டோரம் ஒதுக்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பால் வண்டி போயிற்று.

நான் என்னவோ சொல்லி நன்றி கூற முயன்றேன். "அதெல்லாம் எதுக்குங்க? விழுந்ததை இழுக்கிறதுக்குத்தானே காலையிலேர்ந்து கயித்தோட நிக்கிறோம்" என்றார் அவர்.

மீதி தூரத்தை நடந்தேன். அத்தை சௌக்கியமாக இருந்தாள். கோட்டை அடுப்பு மூட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "கார்லே வரேன்னு சொல்லுவே, நடந்து வந்திருக்கியே?" என்று கேட்டாள். கார் மூன்று நாள் அந்த ரோட்டோரத்திலேயே கிடந்தது.

அன்று எனக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. என் டிக்கியிலிருந்து நான் இறக்கி வைத்த முப்பது கிலோ எங்கேயும் மாயமாய்ப் போய்விடவில்லை. தோப்பு இழந்த ஒரு மனிதருடைய தோளில் போய் ஏறிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பாலுக்காகக் காத்திருந்த குழந்தைகளின் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. கனத்தின் குணம் இதுதான். நாம் இறக்கி வைத்தால் அது இல்லாமல் போவதில்லை; யார் தலை அருகில் இருக்கிறதோ, அந்தத் தலைக்கு மாறும். மிச்சமான பெட்ரோல் என் கணக்கில். செலவான உழைப்பு ஊரார் கணக்கில். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது நியாயமா?

"ஸ்டெப்னியை ஒரு நாளாவது தொட்டேனா?" என்பவர்களுக்கு இதுதான் என் பதில். அது உங்களுக்காக மட்டும் அங்கே இருப்பதல்ல. உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்காகவும் இருக்கிறது.

மருமகன் இத்தனையும் கேட்டான். கேட்டுவிட்டு, "இப்போ காலம் மாறிடுச்சு மாமா" என்று மூன்று ஆட்சேபணை சொன்னான்.

முதலாவது, போன் செய்தால் கம்பெனி ஆள் வந்து இழுத்துக்கொண்டு போவான். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு, எல்லாம் சரியாக இருக்கும் நாளுக்கான ஏற்பாடு. டவரும் ரோடும் சரியாக இருந்து, உங்கள் வண்டி மட்டும் கெட்டுப் போகிற நாளுக்கு அது உதவும். ரோடும் டவரும் சேர்ந்து விழுந்த நாளில் போன் வெறும் கைக்கண்ணாடி; முகம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சட்டமே ஸ்டெப்னி வேண்டாம் என்கிறதாம். அரை உண்மை. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். ட்யூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சரை அடைக்கும் சாதனமும் இருக்கிற கார்களில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்றார்கள். மின்சாரக் கார்களில் பெரிய பாட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கட்டாயம் இல்லை என்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. மருமகனுடைய காரில் காற்றழுத்தம் காட்டும் கருவி கிடையாது. இருந்திருந்தால் இருபத்துநாலு பவுண்டிலேயே கத்தியிருக்கும்.

மூன்றாவது, அந்தப் பஞ்சர் மருந்து. ஒரு புட்டியை எடுத்துக் காட்டினான். ஆணி குத்திய சின்னத் துவாரத்தை, அதுவும் தரையில் படும் பாகத்தில் இருந்தால், அது அடைக்கும். பக்கவாட்டு கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. புட்டியை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். காலாவதியாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மருந்தே அமரராகிவிட்டது, அது எந்த டயரைப் பிழைக்க வைக்கும்?

இந்த ஸ்டெப்னி என்கிற பெயருக்கே ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்து மோட்டார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. டயர் போனால் கனவான் கோட்டைக் கழற்றிவிட்டு ரோட்டில் உட்கார்ந்து ஒட்டவேண்டியதுதான். 1904-இல் வேல்ஸ் தேசத்து லானெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் கெட்ட சக்கரத்தின் மேலேயே கவ்விக்கொள்கிற ஒரு உபரி வளையத்தைச் செய்தார்கள். அவர்களுடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தத் தெருவின் பெயர் நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பையன் வாயில் இன்றும் வாழ்கிறது. நடுரோட்டில் தவித்தவர்கள் நூற்றிருபது வருஷத்துக்கு முன் கேட்டு வாங்கிய வரத்தை, நாம் ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்க்காகப் பரணில் வைக்கிறோம்.

கடைசியில் அவன் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். "லிண்ட்பர்க்கைப் பாருங்க மாமா. அட்லாண்டிக்கைத் தனியாத் தாண்டினவன். கனத்துக்காக ரேடியோவையே வேண்டாம்னுட்டான். பாரச்சூட்டும் வேண்டாம்னுட்டான்."

உண்மைதான். 1927 மே மாதம் 20-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பி முப்பத்துமூன்றரை மணி நேரத்தில் பாரிஸில் இறங்கிய அந்த மனிதரைப் போலக் கனத்துக்குக் கணக்குப் பார்த்தவர் யாரும் இல்லை. உட்காரப் பிரம்பு நாற்காலி போட்டுக்கொண்டார். பூகோளப் படங்களின் ஓரக் காகிதத்தைக்கூட வெட்டி எறிந்தார். ஒவ்வொரு பவுண்டையும் பெட்ரோலாக்கினார். ஆனால் என் மருமகன் அந்தக் கதையைப் பாதிதான் படித்திருக்கிறான். அந்த விமானத்தில் காற்றடைத்து மிதக்கவிடும் ரப்பர் படகு ஒன்று இருந்தது. வெளிச்சம் காட்டும் மத்தாப்புகள் இருந்தன. கத்தி, ரம்பம், குடிதண்ணீர், சில நாள் தாங்கும் உணவு, எல்லாம் இருந்தன. காகித ஓரத்தை வெட்டியவர் படகை வெட்டவில்லை. எங்கே விழுவோம் என்று அவருக்குத் தெரியும், கடலில். கனத்தைக் குறைக்கத் தெரிந்தவன் என்றால் இவன்தான். முதலில் 'எங்கே விழுவேன்' என்று கேட்டுக்கொள்கிறான். அதற்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில்தான் கத்தியை வைக்கிறான்.

நாம் விழுகிற இடம் எது? நம் ரோடுகள் ஆற்றங்கரையையும் வாய்க்காலையும் ஒட்டிப் போகிறவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் கரை எது, ரோடு எது என்று தெரியாது. அறுப்புக் காலத்தில் பாதி ரோடு நெல் காயும் களம். இருட்டில் வைக்கோல் மேல் வழுக்கும். கருவேல முள்ளுக்கு விடுமுறை இல்லை. ஆகவே டிக்கியில் இருக்கவேண்டியவற்றைச் சொல்லுகிறேன்: காற்று நிரப்பிய ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர், ஒரு பம்ப்பு, இழுக்க ஒரு கயிறு, டார்ச் லைட், எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர், மழைக்காலத்தில் ஒரு அரிவாள். கண்ணாடியை உடைக்கிற சின்னச் சுத்தி மட்டும் டிக்கியில் அல்ல, டிரைவர் கைக்கெட்டும் இடத்தில். வாய்க்காலில் விழுந்த பிறகு டிக்கியைத் திறந்து தேட முடியாது. எல்லாம் சேர்த்து அதே முப்பது கிலோதான்.

மற்றதையெல்லாம் தூக்கி எறியுங்கள். நானும் கூட வந்து ஒரு கை கொடுக்கிறேன். பழைய பேப்பர், போன வருஷத்து நவராத்திரிப் படிக்கட்டுப் பலகை, கிழிந்த குடை, பூட்டுக்குச் சேராத சாவிக் கொத்து, இவற்றுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. என் பெரியப்பா ஆபத்துக்கு உதவும் என்று டிக்கியில் ஒரு டின் பெட்ரோல் வைத்திருப்பார். அதுவே ஆபத்து. முன்ஜாக்கிரதை என்ற பெயரில் பொதி சுமப்பதும் அசட்டுத்தனம்தான். வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்காதவனுடைய ஸ்டெப்னியில் காற்று இருக்காது. டார்ச்சில் பாட்டரி ஒழுகியிருக்கும். சாமான் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருந்து, சாமான் உதவாமல் போவது இரட்டை நஷ்டம்.

நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மாட்டு வண்டிக்காரன் வண்டிக்கடியில் லாந்தரும் மசகுக் குடுவையும் தொங்கவிட்டிருப்பான். மாடு இழுப்பது பெட்ரோலால் அல்ல, உயிரால். ஆனாலும் அந்தக் கனம் வீண் என்று அவன் நினைக்கவில்லை. திருவாரூர் ஆழித் தேரை ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கும்போது, சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கூடவே நடப்பார்கள். இழுக்கிறவர்களுக்கு அது உதவாத கனம். ஆனால் அது இல்லாமல் யாரும் தேரைத் தொடமாட்டார்கள். மழைக்கு முன்னால் ஆற்றுக்கரையில் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் அடுக்கி வைக்கிறோம். உடைப்பு எடுக்காத வருஷத்தில் அவை சும்மா கிடக்கும். சும்மா கிடந்தது என்பதற்காக யாராவது வருத்தப்படுகிறார்களா? எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைத் தொடாத ஊர் இது. பயன்படாமல் கிடப்பதுதான் சில பொருள்களுக்குப் பயன் என்று தெரிந்தவர்களுடைய பேரன்மார் நாம்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மருமகன் கிளம்பினான். அக்காள் கொடுத்த சீரெல்லாம் காருக்குள் போயிற்று. இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டை இரண்டு; ஒரு பறங்கிக்காய்; தேங்காய் முப்பது. கரும்பு ஒரு கட்டு கேரியர் மேலே ஏறியது. அரிசி மூட்டைக்குக் கனம் உண்டா என்று நான் கேட்கவில்லை. அக்காள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டயருக்கு மட்டும் காற்றடித்துக்கொண்டு வந்திருந்தான், அதற்குச் சந்தோஷப்பட்டேன். என் ஸ்டெப்னி அவன் வண்டிக்குச் சேராது. கயிறும் ஜாக்கியும் டார்ச்சும் எடுத்து வந்து திண்ணையில் வைத்தேன்.

கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டான். கரும்பைக் கட்ட.

போகட்டும், கயிறு ஒரு கிலோ. மீதி இருபத்தொன்பது கிலோவுக்காகத்தான் இந்தக் கட்டுரை.